ஈருயிர்க்காரி

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. குற்றாலத்தில் சாரல் உச்சத்தில் இருந்தது. பேரருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் கால் வைக்க இடமில்லை. தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு இடத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அந்த நெரிசலுக்குள் ஆறேழு மாத வயிற்றோடு ஒரு பெண் வந்தாள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் ஒதுங்கினார்கள், நானும் ஒதுங்கினேன். முன்பின் தெரியாத ஓர் ஆச்சி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "ஏ தாயி, நடுவுல போவாத. ஓரத்துல நின்னு தலைய மட்டும் நனைச்சுக்க. ரெண்டு உசுருக்காரில்லா நீ" என்றார். அவள் நனைந்து திரும்பும்வரை அந்தக் கையை விடவே இல்லை.

அவள் போனதும் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. எனக்கு மட்டும் மனம் வேறெங்கோ போயிற்று. அதே பெண் நாலு மாதம் முன்னால் இதே பெண்களிடம் வந்து, "இந்தக் கரு எனக்கு வேண்டாம்" என்று சொல்லியிருந்தால்? அந்த ஆச்சியின் கை அப்போதும் அவள் முழங்கையைப் பிடித்திருக்குமா, இல்லை அவளைத் தள்ளியிருக்குமா? ஒதுங்கி வழிவிட்ட எங்களில் எத்தனை பேர் அப்போதும் வழிவிட்டிருப்போம்?

வழிவிடச் சொன்னதும் ஓர் அறவுணர்வுதான். "கலைக்கலாமா, பாவமில்லையா" என்று கேட்க வைப்பதும் ஓர் அறவுணர்வுதான். இந்த உணர்வுகள் நமக்குள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால், கருக்கலைப்பைப் பற்றிப் பேசும்போது எதற்காக இவ்வளவு தடுமாறுகிறோம் என்பது ஓரளவு விளங்கும்.

அறம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நம் பக்கம் இரண்டு பதில்கள் கிடைக்கும். கடவுள் தந்தது என்பார்கள். இல்லாவிட்டால் பெரியவர்கள் வகுத்தது என்பார்கள். மனிதனின் தோற்றம் குறித்து 1871-இல் எழுதிய நூலில் சார்லஸ் டார்வின் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார். கூட்டமாக வாழும் விலங்குக்குத் தன் கூட்டத்தின் மேல் இயல்பாகவே பற்று உண்டு. அந்த விலங்குக்கு நினைவும் அறிவும் வளர்ந்தால், செய்துவிட்டதை எண்ணி வருந்தும், செய்யப்போவதை எடைபோடும். மனச்சாட்சி பிறப்பது அங்கேதான் என்றார். கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் இதைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை. கடவுள் எந்த வழியாக அறத்தை நமக்குள் வைத்தார் என்பதற்கான விளக்கமாகவும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

டார்வின் சொன்னதைப் பார்க்கக் குற்றாலத்துப் பாறைகளே போதும். குட்டி போட்ட நாட்டுக்குரங்கைச் சுற்றி மற்றப் பெண்குரங்குகள் வந்து உட்காரும். ஒன்று குட்டியின் வாலைத் தொடும், இன்னொன்று தாய்க்குப் பேன் பார்க்கும். பேன் பார்ப்பது குட்டியைத் தொட்டுப் பார்க்க அனுமதி வாங்குவதற்குத்தான் என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. எப்படியானாலும், ஒரு சிறு உயிரைக் கண்டதும் தாயல்லாத ஒன்றின் கையும் நீளுகிறது.

இந்தக் கை நீளும் குணத்தை மனிதரிடம் விரிவாக ஆராய்ந்தவர் சாரா பிளாஃபர் ஹர்டி என்ற அமெரிக்க மானுடவியலாளர். சிம்பன்ஸியும் ஒராங்குட்டானும் பெற்ற குட்டியைப் பல மாதங்களுக்கு வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை. மனிதத் தாயோ பிறந்த அன்றே கொடுத்துவிடுகிறாள். மனிதக் குழந்தை தன் காலில் நின்று தன் சோற்றைத் தானே தேட ஆண்டுக்கணக்கில் ஆகும். ஒருத்தியால் மட்டும் அதை வளர்த்தெடுக்க முடியாது. பாட்டி, அக்கா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரி என்று பலர் கை சேர்ந்தால்தான் பிழைக்கும். இப்படிப் பலர் கையில் வளர்ந்ததால்தான் அடுத்தவர் முகத்தைப் படிக்கவும், அடுத்தவர் வலியைத் தன் வலியாக உணரவும் மனிதர் கற்றார்கள் என்று 2009-இல் வந்த நூலில் ஹர்டி வாதிட்டார். கடையம், பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பெற்றவளின் மடியில் பீடித் தட்டு இருக்கும். அவள் பிள்ளை இன்னொருத்தி மடியில் இருக்கும்.

ஹர்டியின் ஆராய்ச்சியில் மனம் கனக்க வைக்கும் பக்கமும் ஒன்று உண்டு. 1970-களில் ராஜஸ்தானின் அபு மலையில் அனுமன் மந்திகளை அவர் கவனித்தார். வெளியிலிருந்து வரும் ஆண்மந்தி ஒரு கூட்டத்தைப் பிடித்துக்கொண்டதும் அங்குள்ள குட்டிகளைக் கொல்லும் என்பதைப் பதிவு செய்தார். பிறகு மனிதத் தாய்மாரின் வரலாற்றைத் தேடியபோது இன்னொன்று கண்ணில் பட்டது. துணைக்கு ஒருவருமில்லாத நிலையில், வளர்க்க வழியே இல்லாத காலங்களில், பிறந்த குழந்தையைக் கைவிட்ட தாய்மார் பல நாடுகளிலும் பல காலங்களிலும் இருந்திருக்கிறார்கள். தாய்ப்பாசம் பொய் என்று இதற்குப் பொருளில்லை. சுற்றியிருக்கும் கைகளைப் பார்த்துத்தான் அந்தப் பாசம் துளிர்க்கிறது, அல்லது கருகுகிறது.

இயற்கையில் ஒன்று இருப்பதாலேயே அது சரியாகிவிடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆண்மந்தி குட்டியைக் கொல்வதும் இயற்கை. தன் கூட்டத்துக்கு வெளியே உள்ளவரை வெறுப்பதும் இயற்கைதான். "இருக்கிறது" என்பதிலிருந்து நேரே "இருக்க வேண்டும்" என்பதற்குத் தாவ முடியாது என்று டேவிட் ஹியூம் 18-ஆம் நூற்றாண்டிலேயே எச்சரித்தார். ஆகவே பரிணாமம் கருக்கலைப்பை ஏற்கிறதா மறுக்கிறதா என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வியே தவறு. நம் மனத்துக்குள் எந்தெந்தக் குரல்கள் பேசுகின்றன என்று மட்டுமே பரிணாமம் காட்டும்.

சிறியதைக் காக்கச் சொல்லும் குரல் ஒன்று. நியாயம் கேட்கும் குரல் இன்னொன்று. 2003-இல் சாரா பிராஸ்னனும் ஃபிரான்ஸ் டி வாலும் கபுச்சின் குரங்குகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு குரங்குகளுக்கும் ஒரே வேலை. ஒன்றுக்குக் கூலி வெள்ளரித் துண்டு, மற்றதற்குத் திராட்சை. அதுவரை வெள்ளரியைச் சந்தோஷமாகத் தின்ற குரங்கு, பக்கத்துக் குரங்கு திராட்சை வாங்குவதைப் பார்த்ததும் வெள்ளரியை வாங்க மறுத்தது. சில நேரம் தூக்கி எறிந்தது. குழந்தைகளிடமும் தேடியிருக்கிறார்கள். ஒன்றரை வயதுக் குழந்தை, கை நிறையச் சாமானோடு அலமாரியைத் திறக்கத் தவிக்கும் பெரியவரைப் பார்த்தால் தானே போய்க் கதவைத் திறந்துவிடும். ஆறு மாதக் குழந்தையே உதவுகிற பொம்மையைத்தான் விரும்பும் என்று 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. பின்னாளில் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து பெரிய அளவில் அதைத் திரும்பச் செய்தபோது அந்த விருப்பம் தென்படவில்லை. அறம் எத்தனை மாதத்தில் முளைக்கிறது என்பது இன்னும் முடியாத கதை. முளைக்கிறது என்பதில் ஐயமில்லை.

காக்கச் சொல்லும் குரலும் நியாயம் கேட்கும் குரலும் பெரும்பாலும் ஒன்றாகவே போகும். பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவது கருணை, நியாயமும் கூட. கர்ப்பத்தில்தான் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. நம் அறநெறிகள் எல்லாம் தனித்தனியாக நிற்கும் இரண்டு ஆட்களை நினைத்து உருவானவை: நீ, நான், கொடுப்பவர், பெறுபவர், அடிப்பவர், அடிபடுபவர். ஓர் உடலுக்குள் இன்னோர் உயிர் இருக்கும் நிலைக்கு அந்தக் கணக்கு பொருந்துவதில்லை. ஈருயிர்க்காரி என்று தமிழ் அவளை அழைக்கிறதே, அந்த ஒரு சொல்லுக்குள் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. இரண்டு உயிர். ஆனால் அவள் ஒருத்தி.

மேலை நாட்டுத் தத்துவ அறிஞர்கள் இந்த முட்டுக்கட்டையை இரண்டு பக்கமிருந்தும் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1971-இல் எழுதிய கட்டுரையில், கருவுக்கு முழு மனித உரிமை உண்டு என்று வைத்துக்கொண்டாலும், இன்னொருவரின் உடலை அவர் சம்மதமில்லாமல் மாதக்கணக்கில் பயன்படுத்தும் உரிமை யாருக்கும் கிடையாது என்றார். டான் மார்க்விஸ் 1989-இல் இதற்கு எதிர்த்திசையிலிருந்து வந்தார். ஒருவரைக் கொல்வது எதனால் தவறு? அவருடைய எதிர்காலம் முழுவதையும் பறித்துவிடுவதால். அப்படியானால் கருவுக்கும் நம்முடையதைப் போன்ற எதிர்காலம் இருக்கிறதே என்றார். மதத்தின் துணையில்லாமல் சொல்லப்பட்ட வாதம் அது. எளிதில் தள்ளிவிட முடியாது. எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. கருவின் எதிர்காலத்தைப் பற்றி இவ்வளவு பேசும் அந்த வாதத்தில், அதைச் சுமப்பவளின் நிகழ்காலம் கண்ணிலேயே படவில்லை.

தமிழில் "கரு கலைந்தது" என்போம். தானாக நடந்தால் அப்படி. ஒருவர் செய்தால் "கலைத்தாள்", "கலைத்தார்கள்". நடந்ததற்கும் செய்ததற்கும் நடுவே ஓரிரு எழுத்துதான். அதே சொல்லை வேறெதற்கெல்லாம் வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். திரிகூட மலையில் மேகம் கலைகிறது, வாசலில் கோலம் கலைகிறது, தூக்கம் கலைகிறது, கூட்டம் கலைகிறது. உருவாகிக்கொண்டிருந்து இன்னும் கெட்டிப்படாத ஒன்று சிதறுவதற்கான சொல் அது. கொல்வதற்கு வேறு சொல் வைத்திருக்கிறோம். பிறந்த குழந்தையைக் கலைத்தார்கள் என்று எவரும் சொல்வதில்லை.

அந்த ஓரிரு எழுத்துக்குள் ஒருத்தியின் உயிரே போயிருக்கிறது. கர்நாடகத்தின் பெலகாவியில் வளர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் அயர்லாந்தில் வாழ்ந்தார். 2012 அக்டோபரில், 17 வாரக் கர்ப்பத்தில், கரு தானாகவே கலையத் தொடங்கியது. பிழைக்காது என்று மருத்துவர்களுக்கே தெரியும். முழுதாகக் கலைத்துவிடுங்கள் என்று அவரும் கணவரும் கேட்டார்கள். கருவின் இதயத் துடிப்பு இருக்கிறது, சட்டம் இடம் தராது என்று மறுத்தார்கள். நோய்த்தொற்று இரத்தத்தில் பரவி அக்டோபர் 28 அன்று அவர் இறந்தார். வயது 31. கலைந்துகொண்டிருந்ததைக் கலைக்க மறுத்ததால் போன உயிர் அது. 2018 மே 25 அன்று நடந்த வாக்கெடுப்பில் அயர்லாந்து மக்கள் 66.4 விழுக்காடு ஆதரவுடன் அந்தத் தடையை நீக்கினார்கள். தெருவெங்கும் சவிதாவின் படம் இருந்தது.

நம் பழைய நூல்கள் என்ன சொல்கின்றன? கருவை அழிப்பது தவறு என்ற குரல் தமிழில் மிகப் பழையது. சோழன் கிள்ளிவளவனை ஆலத்தூர் கிழார் பாடிய புறநானூற்று 34-ஆம் பாடலில் அது வருகிறது. பசுவின் மடியை அறுத்தவர்கள், மகளிரின் கருவைச் சிதைத்தவர்கள் போன்றோருக்கும் கழுவாய் உண்டு. ஒருவர் செய்த நன்றியைக் கொன்றவருக்கு உய்வே இல்லை என்பது அப்பாடலின் கருத்து. இதில் இரண்டு விஷயங்களை நான் கவனிக்கிறேன். கருச்சிதைப்பு பெருங்குற்றம்தான், ஆனால் அதற்குக் கழுவாய் இருக்கிறது. அதைவிடப் பெரிய குற்றமும் இருக்கிறது. அடுத்தது, மடியறுத்தவன் பசுவுக்குச் செய்த கொடுமையைப் போலவே, கருவைச் சிதைத்தவர்கள் பெண்களுக்குச் செய்த கொடுமையாக அது சொல்லப்படுகிறது. தன் கருவைக் குறித்துத் தானே முடிவெடுத்த பெண் அந்த வரியில் எனக்குத் தெரியவில்லை. இது என் வாசிப்பு. வேறு விதமாகப் படிப்பவர்களும் உண்டு.

உயிர் படிப்படியாக நிறைவடைகிறது என்ற எண்ணமும் இங்கே புதிதல்ல. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்தி, ஆறாவதாக மனத்தை வைக்கிறது. சுசுருதரின் மருத்துவ நூல், நான்காம் மாதத்தில் கருவின் இதயம் தெளிவாக உருக்கொள்கிறது, அதனால் தாய் இரண்டு இதயம் உடையவள் ஆகிறாள், அவள் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்கிறது. மசக்கைக்காரி கேட்டதை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு பழைய மருத்துவம் இருக்கிறது. கருப்பையில் மாதாமாதம் எத்தனை ஆபத்துகளைத் தாண்டி உயிர் வருகிறது என்று மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில் விரித்துச் சொல்கிறார்.

சடங்குகளும் அப்படித்தான். நாள் தள்ளிப் போனதும் ஊருக்குச் சொல்வதில்லை. மூன்று மாதம் போகட்டும் என்பார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு. அங்கன்வாடி வழியாக அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பும் இப்போது உண்டு. பிறந்து சில நாள் கழிந்த பிறகே பெயர், தொட்டில். பல் முளைக்காத பிள்ளை இறந்தால், எரிக்கும் வழக்கமுள்ள குடும்பங்கள் கூட எரிக்காமல் புதைக்கும். ஒவ்வொரு படியிலும் அந்த உயிர் நம்மவராகிறது. ஒரே நாளில் ஒரே நொடியில் ஆகிவிடுவதில்லை.

மற்றச் சமயங்களிலும் இந்தப் படிகள் இருந்திருக்கின்றன. 120-ஆம் நாளில் உயிர் ஊதப்படுகிறது என்ற நபிமொழியை வைத்து இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் நூற்றாண்டுகளாக வாதிட்டிருக்கிறார்கள். அதற்கு முன் கலைப்பதை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையிலும் ஆன்மா பிந்தித்தான் சேர்கிறது என்ற தாமஸ் அக்குவினாஸின் கருத்து நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. தண்டனைக்கு ஆன்மா சேர்ந்த கரு, சேராத கரு என்று பார்த்து வந்த வேறுபாட்டை 1869-இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் நீக்கினார். கரு உண்டான நொடியிலிருந்தே முழுப் பாதுகாப்பு என்று இன்று நம்புகிறவர்களை நான் மதிக்கிறேன். எளியதைக் காக்கச் சொல்லும் அந்தப் பழைய குரலைத்தான் அவர்கள் கடைசிவரை கொண்டு செல்கிறார்கள்.

அறிவியல் எந்த வாரத்திலும் கோடு போட்டுக் கொடுப்பதில்லை. வழியில் உள்ள அடையாளங்களை மட்டும் சொல்கிறது. முதல் இரண்டு வாரங்களுக்குள் ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையாகலாம். கர்ப்பத்தின் ஆறாம் வாரத்தை ஒட்டி ஸ்கேனில் துடிப்பு தெரியும். முதல் பிள்ளையாக இருந்தால் 18 முதல் 20 வாரத்தில் தாய்க்கு அசைவு தெரியும். வலியை உணர மூளையின் உட்பகுதிக்கும் மேலுறைக்கும் இணைப்பு வேண்டும். அது 24 வாரத்தை ஒட்டித்தான் உருவாகத் தொடங்குகிறது என்பது பெரும்பாலான மருத்துவ அமைப்புகளின் நிலை. அதற்கு முன்பே ஏதோ ஓர் உணர்வு இருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

சட்டத்துக்கு வருவோம். 1860-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த இந்தியத் தண்டனைச் சட்டம் கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளிதான். அதிலும் ஒரு படி இருந்தது. சாதாரணமாக மூன்று ஆண்டு வரை சிறை, வயிற்றில் அசைவு கண்ட பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவிலும் இது அப்படியே தொடர்கிறது. மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் இந்தக் குற்றத்துக்கு ஒரு விதிவிலக்கு, அவ்வளவுதான். கள்ளத்தனமான கருக்கலைப்பில் பெண்கள் செத்துக்கொண்டிருந்ததால் சாந்திலால் ஷா தலைமையில் அமைக்கப்பட்ட குழு 1966-இல் அறிக்கை தந்தது. அதன் அடிப்படையில் 1971-இல் சட்டம் வந்தது. தாம்சனின் கட்டுரை வந்த அதே ஆண்டு. ஆனால் தாம்சன் பேசியது பெண்ணின் உரிமையை. நம் சட்டம் பேசியது மருத்துவரின் கருத்தை. கர்ப்பத்தடையைப் பெண்ணின் விடுதலைக்காகவே கேட்ட பெரியாரின் குரல் அந்தச் சட்டத்தில் இல்லை.

2021-இல் திருத்தப்பட்ட பின் இன்றுள்ள நிலை இது. சட்டம் சொல்லும் காரணங்களுக்குள் வந்தால் 20 வாரம் வரை பதிவுபெற்ற ஒரு மருத்துவரின் கருத்து போதும். பெண்ணின் உடல்நலமோ மனநலமோ கடுமையாகப் பாதிக்கப்படும் என்பதும், கருத்தடை பலிக்கவில்லை என்பதும் அந்தக் காரணங்களில் அடங்கும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும். அதுவும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், கர்ப்பகாலத்தில் கணவனை இழந்தவர்கள், மணமுறிவு ஆனவர்கள் போன்ற சிலருக்கே. 24 வாரத்துக்குப் பிறகு, கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொன்னால் மட்டும். தாயின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டும் என்றால் வார வரம்பே கிடையாது. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்பதுதான் ஊரில் பலருக்குத் தெரிவதில்லை. கணவன் கையெழுத்தோ மாமியார் கையெழுத்தோ சட்டத்துக்குத் தேவையில்லை. அவள் பெயரை வெளியே சொல்பவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. திருமணமாகாதவர்களுக்கும் 24 வார வாய்ப்பு உண்டு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஓராண்டு கழித்து இதே நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கை என்னால் மறக்க முடியவில்லை. 27 வயதுப் பெண். இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வரவில்லை, கர்ப்பம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது 24 வாரம் தாண்டிவிட்டது. 2023 அக்டோபர் 9 அன்று கலைக்க அனுமதி கிடைத்தது. கரு பிழைக்கும் நிலையில் இருக்கிறது, அதன் இதயத்தை நிறுத்தினால்தான் கலைக்க முடியும் என்று மருத்துவர் எழுதினார். மீண்டும் விசாரணை. இரண்டு நீதிபதிகளில் ஒருவர் தன் மனச்சாட்சி இடம் தரவில்லை என்றார். மற்றவர் அந்தப் பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும் என்றார். இருவருமே பெண்கள், ஒரே சட்டத்தைப் படித்தவர்கள். அக்டோபர் 16 அன்று மூன்று நீதிபதிகள் அனுமதி மறுத்தார்கள். பிரசவச் செலவை அரசு ஏற்கும், விரும்பினால் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்றார்கள். காக்கச் சொல்லும் குரலும் நியாயம் கேட்கும் குரலும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியது போல இருந்தது அந்த ஒரு வாரம். இருவரில் யார் அறம் தவறினார் என்று கேட்டால் யாரையும் என்னால் சுட்டிக்காட்ட முடியாது.

ஆனால் இப்படி நீதிமன்றம் வரை போகும் வழக்குகள் அரிது. 2015-இல் இந்தியாவில் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரையில் நடந்தவை. மருந்துக்கடையில் கணவனோ அண்ணனோ வாங்கி வந்த மாத்திரை, எத்தனை வாரம் என்று பார்க்காமல், ஸ்கேன் இல்லாமல். ஒன்பது வாரத்துக்குள், மருத்துவர் மேற்பார்வையில் எடுத்தால் அது பாதுகாப்பான மாத்திரை. கரு குழாயில் தங்கியிருந்தால் அதே மாத்திரை உதவாது. உள்ளே குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். ரகசியமாகச் செய்யத் தூண்டுவது வெட்கம். வெட்கமும் ஓர் அறவுணர்வுதான். ஊர் என்ன சொல்லும் என்று நடுங்க வைத்து ஆளைக் கொல்லக்கூடிய அறவுணர்வு.

"பெண்ணின் விருப்பம் என்றால், பெண் கருவைக் கலைப்பதும் விருப்பம்தானே?" என்று கேட்கிறார்கள். சரியான கேள்வி, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக்களைக் கொல்வது 1986-இல் நாடறிந்த செய்தியானது. 1992-இல் தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. ஸ்கேன் பரவியதும் கொலை கருவறைக்குள் போனது; கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்க 1994-இல் மத்தியச் சட்டம் வந்தது. அந்தக் கதைகள் எதிலும் தாயின் விருப்பத்தை நான் கண்டதில்லை. "இதுவும் பொட்டையா?" என்று கேட்டவர்கள், அவளுக்குச் சோறு போட மறுத்தவர்கள், இன்னொருத்தியைக் கட்டுவேன் என்று மிரட்டியவர்கள் ஆகியோரின் விருப்பம் அது. கையெழுத்து மட்டும் அவளுடையது. ஆலத்தூர் கிழாரின் வரியில் வரும் கருச்சிதைத்தோர் இவர்கள்தான் என்று நினைக்கிறேன். வேண்டாத கருவைச் சுமக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும், வேண்டிய கருவைக் கலைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் என் கண்ணில் ஒரே குற்றம். அவள் உடலை இன்னொருவர் ஆள்கிறார்.

ஆகவே என் நிலை இது. தொடக்க மாதங்களில் முடிவு அவளுடையது. அவளிடம் காரணம் கேட்கும் தகுதி யாருக்கும் இல்லை. மாதம் ஏற ஏறக் கருவின் பக்கமும் கனம் கூடுகிறது. அப்போது காரணமும் கனமாக இருக்க வேண்டும். பெற்றுக்கொள் என்று அவளிடம் சொல்ல வாய் திறப்பவர், அந்தப் பிள்ளையை வளர்க்க எத்தனை கை நீளும் என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும். அருவிக்கரையில் கையைப் பிடித்த ஆச்சிக்கு அந்தத் தகுதி உண்டு. கடைசிவரை அவர் கையை விடவில்லை.

தென் மாவட்டங்களின் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நிற்கும். செங்குத்தாக இரண்டு கல், குறுக்கே ஒரு பலகைக்கல், தோள் உயரம். தலைச்சுமையோடு நடப்பவர்கள் அடுத்தவர் கை தேவையில்லாமல் தாங்களே இறக்கி வைத்து, இளைப்பாறி, தாங்களே தூக்கிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நட்டார்கள். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்காக, வழியில் போகிறவர்கள் தங்கள் சுமையை இறக்கி வைக்கட்டும் என்று. சில கற்களில் அவள் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும். பல கற்களில் எழுத்துத் தேய்ந்து ஒன்றும் தெரியாது. சாலையை அகலப்படுத்தும்போது பலவற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். இன்னும் நிற்கும் கல் எதையாவது பார்த்தால் வண்டியை நிறுத்தி, அந்தப் பலகையின் மேல் கையை வைத்துப் பார்க்கிறேன். வெயிலில் சூடாக இருக்கிறது.